கூடைப் பின்னல் குல்லா

குல்லாவுக்கு ஊசி எடுக்கும் முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: யார் தலைக்கு, எந்த ஊரில், எந்த நேரத்தில் போட? சித்திரை வெயிலில் நெல்லை ஜங்ஷனில் நிற்பவரிடம் உல்லன் குல்லாவைப் பற்றிப் பேசினால் பேச்சே எடுபடாது. ஆனால் இதே மாவட்டத்தில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று மேலே போகப் போகச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் ஏறும். அந்தத் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் குல்லா அன்றாடப் பொருள். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரலில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கூட்டி வருகிறவர்கள் முதலில் தேடுவது தலையை மூட ஏதாவது ஒன்றைத்தான். கார்த்திகையில் மாலை போட்டு இரவு வண்டியில் செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மார்கழி விடியற்காலையில் கோவிலுக்குக் கிளம்பும் பெரியவர்களும், டிசம்பர் இரவுகளில் பாளையங்கோட்டைத் தெருக்களில் கேரல் ரவுண்ட்ஸ் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் காதை அடைத்துத் துணி கட்டியிருக்கும் தாய்க்கும், பக்கத்தில் கிடக்கும் பச்சைக் குழந்தைக்கும் குல்லா தேவைப்படுகிறது. லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் பார்சல் அனுப்பும் ஆச்சிமாரை மறந்துவிட முடியாது.

இத்தனை பேருக்கும் ஒரே குல்லா ஆகாது. அளவு மாறும், நூல் மாறும், சில இடங்களில் பின்னலும் மாறும்.

இங்கே சொல்லித்தரும் குரோஷாக் குல்லாவின் பக்கப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடுபள்ளம் என்றால் அழகு வேலை என்று நினைத்து, முதலில் வெறும் டபுள் கண்ணியிலேயே ஒரு குல்லா போட்டுப் பழகிக்கொள்வோம் என்று பலர் தள்ளிவைக்கிறார்கள். அது சரியான வரிசை இல்லை. வெறும் டபுளில் போட்ட குல்லா இழுத்தால் அதிகம் விரியாது. அளவு கொஞ்சம் குறைந்தால் நெற்றியில் தழும்பு விழும், கொஞ்சம் கூடினால் கண்ணை மூடும். கண்ணியின் தண்டைப் பிடித்துப் போடும் பின்னல் ஒரு கண்ணியை முன்னுக்கும் அடுத்ததைப் பின்னுக்கும் தள்ளி நிறுத்துவதால் பின்னலுக்குள் மடிப்பு விழுகிறது. இழுத்தால் மடிப்பு விரியும், விட்டால் பழையபடி ஒடுங்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் காற்று தங்குவதால் குளிரும் குறைவாகவே ஏறும். அளவில் ஓர் அங்குலம் தப்பினாலும் இந்தக் குல்லா பொறுத்துக்கொள்ளும். ஆகவே புதிதாகக் கற்பவருக்குத்தான் இது அதிகம் உதவும். வளரும் பிள்ளைக்கு இந்த மார்கழியில் போட்டது அடுத்த மார்கழிக்கும் ஆகும். நூல் மட்டும் கூடுதலாகச் செலவாகும். அதற்குத் தயாராக இருங்கள்.

நூல்

தாமிரபரணிப் பக்கத்துக்கு நூல் புதிதல்ல. பாபநாசத்தில் மலையிறங்கும் ஆற்றின் வேகத்தை வைத்தே இயந்திரம் ஓட்டலாம் என்று கண்டு, 1885-இல் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கினார்கள். அந்தத் தொழில் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் விரிந்து, 1974-இல் மதுரா கோட்ஸ் என்று பெயர் பெற்றது. நம் வீடுகளில் ரேடியோ விரிப்புக்கும் வாசல் தோரணத்துக்கும் வாங்கிய ஆங்கர் நூல் பல காலம் அந்தக் கோட்ஸ் பெயரோடு வந்ததுதான். கைவேலையோ ஆலைக்கும் முந்தியது. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்த வேலையும் கூடவே வந்தது. அது திண்டின்மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ், குரோஷா வேறு. ஆனால் வீட்டில் உட்கார்ந்தபடி நூலைக் காசாக்கலாம் என்பதை இந்தப் பக்கத்துப் பெண்கள் அன்றே பார்த்துவிட்டார்கள்.

குல்லாவுக்கு மூன்று வகை நூல் உங்களுக்குக் கிடைக்கும். ஃபேன்சி ஸ்டோரில் 'உல்லன்' என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். வர்த்தமான், ஓஸ்வால், கங்கா என்று லேபிள் இருக்கும். விலை குறைவு, நிறம் நிறைய, நனைந்தால் சீக்கிரம் காயும். குற்றாலச் சாரலுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதுவே போதும். குறை என்னவென்றால் வியர்வையை உறிஞ்சாது; நம் ஊர்ப் பகலில் போட்டால் தலை நசநசக்கும். இரண்டாவது பருத்தி. வியர்வையை வாங்கிக்கொள்ளும், தோலைக் குத்தாது. கைக்குழந்தைக்கும், மருந்து சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்கும், சமவெளியில் இருப்பவர்களுக்கும் பருத்திதான் நல்லது. ஆனால் பருத்திக்குத் தானாகச் சுருங்கும் குணம் குறைவு. நாலு தடவை போட்டதும் தொளதொளத்துவிடும். அதனால் பருத்தியில் போடும்போது கீழ்ப்பட்டியை இறுக்கமாகப் போட வேண்டும். மூன்றாவது ஆட்டு ரோமக் கம்பளி நூல், அல்லது கம்பளி கலந்த நூல். மாஞ்சோலைக்கும் கொடைக்கானலுக்கும் வெளிநாட்டுப் பனிக்கும் இதற்கு ஈடில்லை. ஈரமானாலும் சூடு போகாது. பச்சைக் குழந்தைக்கு வேண்டாம், அரிக்கும்.

நிறத்தில் ஒரு விஷயம். நம் பிள்ளைகள் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கும். வெள்ளை, சந்தனம், வெளிர் மஞ்சள் குல்லாவின் உள்பக்கம் ஒரு வாரத்தில் கறை பிடித்து, துவைத்தாலும் வாடை நிற்கும். அதற்காக முழுக் கறுப்புக்கும் போகாதீர்கள். கறுப்பில் கண்ணி தெரியாது, கற்கும்போது கண்ணைக் கெடுக்கும், மேடுபள்ளமும் எடுபடாது. செங்கல் நிறம், கடல்நீலம், பாசிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், இந்த மாதிரி நடுத்தர நிறங்களில்தான் கூடைப் பின்னலின் நிழல் நன்றாக விழும். பல நிறம் கலந்து வரும் நூலும் இதற்கு ஆகாது. நிறம் ஓடுவதில் பின்னல் காணாமல் போய்விடும்.

பெரியவர் குல்லாவுக்கு 100 கிராமுக்குச் சுமார் 200 மீட்டர் ஓடும் தடிமனில் நூல் வாங்குங்கள். 'நாலு பிளை' என்று லேபிளில் இருப்பதை நம்பி வாங்காதீர்கள். பிளை என்பது எத்தனை இழை முறுக்கியது என்பதைத்தான் சொல்லும், தடிமனைச் சொல்லாது. மீட்டரும் கிராமும்தான் உண்மை பேசும். பெரியவருக்கு 100 முதல் 120 கிராம், பள்ளிப் பிள்ளைக்கு 80 கிராம் வரை ஆகும். ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் அதே நிறத்தைக் கேட்டால் சாய லாட் மாறியிருக்கும்.

ஊசி 5 மி.மீ. ஒன்று, கீழ்ப்பட்டிக்கு 4.5 மி.மீ. ஒன்று. விரிப்பு போட வீட்டில் வைத்திருக்கும் மெல்லிய எஃகு ஊசி இதற்கு உதவாது. முனை மழுங்கிய பெரிய கண் ஊசி, கத்தரிக்கோல், தையல் டேப். கண்ணி அடையாளத்துக்குத் தனி மார்க்கர் வாங்க வேண்டியதில்லை, வேறு நிறத் துண்டு நூல் போதும்.

தலையை அளப்பது

டேப்பைப் புருவத்துக்கு மேலே, காதின் மேல்நுனியைத் தொட்டு, பின்மண்டையின் துருத்தலான இடத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். டேப் இல்லையென்றால் ஒரு துண்டு நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். கொண்டை போடுகிறவர்களை அளக்கும்போது தயங்குகிறவர்கள் உண்டு.

"ஆச்சி, கொண்டைய அவுத்துட்டு அளக்கவா?"

"ஏம்மா, கொண்டையோடதான போடப் போறேன், அப்படியே அள."

ஆச்சி சொன்னதுதான் விதி. எப்படிப் போடுவார்களோ அப்படியே அளக்க வேண்டும். தாழ்வாகக் கொண்டை இருந்தால் உயரத்தில் 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆளை நேரில் அளக்க முடியாதபோது, வெளியூர்ப் பேரனுக்குப் போடுவதாக இருந்தால், இந்த உத்தேச அளவுகள் கைகொடுக்கும்: பிறந்த குழந்தை 33 முதல் 36 செ.மீ., ஆறு மாதம் 43, ஒரு வயது 46, மூன்று வயது 49 அல்லது 50, பத்து வயது 53, பெரிய பெண்கள் 55, 56, ஆண்கள் 57, 58. குல்லா தலையளவைவிடச் சிறியதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. வரை, குழந்தைகளுக்கு 2, 3 செ.மீ. குறைத்துக்கொள்ளலாம்.

மாதிரித் துண்டு

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்டாதீர்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவின் வேலை அது. ஒருவரை ஒருவர் பார்த்திராத பெண்கள் அவரவர் வீட்டில் போட்ட துண்டுகள் அளவில் ஒத்துப்போனால்தான் அப்படி ஒன்றை இணைக்க முடியும். ஒரே நூல், ஒரே ஊசி என்றாலும் ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்ச்சி. கையின் குணத்தை அறிய மாதிரித் துண்டைத் தவிர வேறு வழியில்லை.

22 செயின் போட்டு, டபுளில் எட்டு வரிசை பின்னுங்கள். நடுவில் டேப்பை வைத்து 5 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 7 கண்ணி இருக்க வேண்டும். ஒரு வரிசையின் உயரம் சுமார் 1.3 செ.மீ. வர வேண்டும். 8 கண்ணி வந்தால் உங்கள் கை இறுக்கம், 5.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். 6 வந்தால் 4.5-க்கு இறங்குங்கள். கையை மாற்றப் பார்க்காதீர்கள்; பத்து நிமிஷத்தில் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

பெயரிலும் ஒரு எச்சரிக்கை தேவை. நம் பள்ளித் தையல் வகுப்புகளிலும் பழைய புத்தகங்களிலும் பிரிட்டிஷ் பெயர்கள். யூடியூபில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பதுதான் அமெரிக்க முறையில் சிங்கிள். இங்கே நாம் அமெரிக்க முறையைப் பின்பற்றுகிறோம். அதாவது டபுள் என்றால்: ஊசியில் ஒருமுறை நூல் சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுத்தால் ஊசியில் மூன்று லூப்; நூலை எடுத்து இரண்டின் வழியே, மறுபடி எடுத்து மீதி இரண்டின் வழியே.

உச்சி

குல்லாவை உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கப் போகிறோம். மேலப்பாளையத்தில் தொழுகைக்குப் போகிறவர்கள் அணியும் பின்னல் தொப்பி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த அமைப்பு விளங்கும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி விரியும் வட்டம், வட்டம் போதுமான அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டால் பின்னல் தானாகக் கீழ்நோக்கி மடங்கும்.

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் 2 செயின் போடுங்கள். அது உயரத்துக்கு மட்டும், கணக்கில் சேராது. முதல் டபுளை அதே இடத்தில் போடுங்கள். சுற்று முடிந்ததும் முதல் டபுளின் தலையில் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு இணையுங்கள். 2 செயினின் தலையில் இணைத்தால் சுற்றுக்கு ஒரு கண்ணி கூடிப்போகும்.

சுற்று 1: மேஜிக் ரிங்கில் 12 டபுள். வால் நூலை இழுத்துத் துளையை அடைத்துவிடுங்கள்.
சுற்று 2: ஒவ்வொரு கண்ணியிலும் 2 டபுள். மொத்தம் 24.
சுற்று 3: ஒன்றில் 1, அடுத்ததில் 2. இப்படியே சுற்றிவர 36.
சுற்று 4: இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, மூன்றாவதில் 2. மொத்தம் 48.
சுற்று 5: மூன்றில் ஒவ்வொன்று, நான்காவதில் 2. மொத்தம் 60.
சுற்று 6: நான்கில் ஒவ்வொன்று, ஐந்தாவதில் 2. மொத்தம் 72.

எங்கே நிறுத்துவது என்பது தலையைப் பொறுத்தது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 60-இல் நிறுத்துங்கள். மூன்று முதல் எட்டு வயது வரை 66: ஐந்தாம் சுற்று முடிந்தபின் ஒன்பது கண்ணியில் ஒவ்வொன்று, பத்தாவதில் 2 என்று ஒரு சுற்று. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் 72. பெரிய தலைக்கும் அடர்ந்த கொண்டைக்கும் 78: ஆறாம் சுற்றுக்குப்பின் பதினொரு கண்ணியில் ஒவ்வொன்று, பன்னிரண்டாவதில் 2. எல்லாமே ஆறால் வகுபடும் எண்கள். கூடைப் பின்னலுக்கு அது கட்டாயம். இடையில் வேறு எண்ணில் நிறுத்தினால் கட்டம் சேராது.

இப்போது வட்டத்தைத் தரையில் விரித்து அளந்து பாருங்கள். 60 கண்ணிக்கு விட்டம் 13.5 செ.மீ. பக்கம், 66-க்கு 15, 72-க்கு 16, 78-க்கு 17.5. விளிம்பு கிண்ணமாக மேலே எழும்பினால் கை இறுகியிருக்கிறது, அல்லது எங்கோ கூட்ட மறந்திருக்கிறீர்கள். பாவாடைச் சுருக்கம்போல அலை அடித்தால் ஒரே கண்ணியில் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். இந்த இடத்தில் பிரிப்பது பத்து நிமிஷ வேலை. கீழே போனபின் பிரிப்பது ஒரு மாலைப் பொழுது. எண்ணிக்கை சரியாக வரும்வரை அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள்.

கூடைக் கட்டம்

இதுவரை கண்ணியின் தலையில் ஊசி விட்டோம். இனித் தண்டில் விடப்போகிறோம். டபுள் கண்ணியைக் கிட்டத்தில் பாருங்கள்: மேலே இரண்டு இழை சேர்ந்த தலை, அதன் கீழே நேராக நிற்கும் ஒரு தண்டு, இரண்டு தண்டுகளுக்கு நடுவே சின்ன இடைவெளி.

முன்தண்டு டபுள்: ஊசியில் நூல் சுற்றி, தண்டின் வலப்பக்க இடைவெளியில் முன்னிருந்து பின்னாக விட்டு, தண்டுக்குப் பின்னால் கொண்டுபோய், இடப்பக்க இடைவெளியில் முன்னால் எடுங்கள். இப்போது தண்டு ஊசியின்மேல் கிடக்கும். நூலை இழுத்து வழக்கம்போல டபுளை முடியுங்கள். கண்ணி உங்களைப் பார்த்துப் புடைத்து நிற்கும்.

பின்தண்டு டபுள்: அதே வேலை எதிர்ப்பக்கத்தில். ஊசி பின்னாலிருந்து வலப்பக்க இடைவெளியில் முன்னால் வந்து, தண்டின் முன்புறமாகக் கடந்து, இடப்பக்க இடைவெளியில் பின்னால் போகும். கண்ணி உள்ளே அமுங்கும். விரல் பழகும்வரை பின்தண்டு சங்கடமாகத்தான் இருக்கும். பின்னலைக் கொஞ்சம் உங்கள் பக்கமாகச் சாய்த்து, பின்புறத்தைக் கண்ணால் பார்த்தபடி போட்டால் சீக்கிரம் வசப்படும்.

கட்டம் இப்படி: 3 முன்தண்டு, 3 பின்தண்டு. சுற்று முழுக்க இதேதான். இதே மாதிரி மூன்று சுற்று, முன்தண்டின் மேல் முன்தண்டு, பின்தண்டின் மேல் பின்தண்டு. நான்காம் சுற்றில் மாற்றுங்கள்: 3 பின்தண்டு, 3 முன்தண்டு. அதையும் மூன்று சுற்று. பிறகு மறுபடி பழையபடி.

முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது. குழப்பமான மேடு மட்டும் இருக்கும். இரண்டாம் சுற்றில் மூன்று மூன்றாகத் தூண்கள் எழும். கட்டம் மாறி, அதன் இரண்டாம் சுற்று முடியும்போதுதான் ஒரு பட்டை இன்னொன்றுக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிற தோற்றம் திடீரென்று கண்ணுக்குப் பிடிபடும். பிளாஸ்டிக் வயர் கூடை போட்டவர்களுக்கு உடனே புரியும். பத்தமடைப் பாயில் கோரை உண்மையாகவே மேலும் கீழும் போகிறது. இங்கே எந்த நூலும் எதற்கு அடியிலும் போகவில்லை, மேடும் பள்ளமும் இடம் மாறுவதால் அப்படித் தெரிகிறது.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. தண்டுப் பின்னல் அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு ஒடுக்கும். பயப்படாதீர்கள், விரிந்துகொடுக்கும் என்று முன்பே சொன்னதன் மறுபக்கம் இது. இரண்டாவது, சுற்றின் கடைசிக் கண்ணி இணைப்புக்கு அருகில் ஒளிந்துகொள்ளும். எண்ணாமல் போனால் 72 என்பது 71 ஆகி, கட்டம் சாய ஆரம்பிக்கும். முதல் கண்ணியின் தண்டில் நிறத் துண்டு நூலைக் கட்டி, ஒவ்வொரு சுற்றிலும் மேலே நகர்த்துங்கள். மூன்றாவது, தண்டுக் கண்ணி டபுளைவிடக் குட்டை. சுற்றுக்கு 1 செ.மீ. என்றுதான் கணக்கு வைக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் பெரியவருக்கு ஒன்பது சுற்று, அதாவது மூன்று கட்டம். பிள்ளைகளுக்கு ஆறு சுற்று, இரண்டு கட்டம். காது மூட வேண்டும் என்றால் கட்டத்தைக் கூட்டாமல் கீழ்ப்பட்டியைக் கூட்டுங்கள். கட்டம் கூடினால் குல்லா உச்சியில் தொங்கிப்போகும்.

கீழ்ப்பட்டி

4.5 மி.மீ. ஊசிக்கு மாறி, 1 முன்தண்டு, 1 பின்தண்டு என்று சுற்றுங்கள். அடுத்து வரும் சுற்றுகளிலும் அதே வரிசை. கூடையிலிருந்து பட்டிக்கு மாறும் முதல் சுற்றில் சில கண்ணிகள் திசை மாறும். பரவாயில்லை, அடுத்த சுற்றில் நேராகிவிடும். பெரியவருக்கு நாலு சுற்று, பிள்ளைகளுக்கு மூன்று. மடித்துவிடும் பட்டி வேண்டும் என்றால் எட்டு. பருத்தி நூலானால் 4 மி.மீ. ஊசி எடுங்கள். முடிவில் 72 கண்ணிக் குல்லா உச்சி முதல் விளிம்பு வரை சுமார் 21 செ.மீ., 66 கண்ணிக் குல்லா சுமார் 17 செ.மீ. இருக்கும்.

கடைசிச் சுற்று முடிந்ததும் நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, பெரிய கண் ஊசியில் கோத்து, உள்பக்கமாக ஒரு திசையில் ஓட்டி, திரும்ப எதிர்த்திசையில் ஓட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டிய முனை நாலாம் துவைப்பில் வெளியே வரும். முடிச்சுப் போட்டு வெட்டுவதும் ஆகாது. அந்த முடிச்சு நெற்றியில் உறுத்தும்.

பச்சைக் குழந்தைக்கு

பிறந்த குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரியது. அதன் வழியே சூடும் நிறைய இறங்கும். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கி, இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. அதில் குழந்தைக்கு டயப்பரும் காலுறையும் குல்லாவும்தான் உடை. ஆகவே இந்தச் சின்னக் குல்லாவைக் கவனமாகப் போட வேண்டும்.

தடித்த நூலில் கண்ணியைக் குறைத்துப் போடாதீர்கள், முரடாக இருக்கும். மெல்லிய பருத்தி நூல் அல்லது குழந்தைகளுக்கான மென்மையான நூல், 4 மி.மீ. ஊசி, 5 செ.மீ.க்கு எட்டு முதல் ஒன்பது கண்ணி. 60 கண்ணி வரை கூட்டுங்கள். கூடைக் கட்டம் இங்கே வேண்டாம், நம் ஊருக்குக் கனம் அதிகம். பதிலாகக் கண்ணித் தலையின் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் ஊசி விட்டு டபுள் போடுங்கள். விடுபட்ட முன் இழை சுற்றுக்கு ஒரு மெல்லிய வரம்பாக நிற்கும். விரிந்தும் கொடுக்கும், காற்றும் போகும். ஐந்து சுற்று, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று தண்டுப் பட்டி இரண்டு சுற்று. 40 கிராமுக்குள் முடிந்துவிடும்.

பட்டன், முத்து, குஞ்சம், தாடையில் கட்டும் நாடா எதுவும் கூடாது. வாயில் போகும், கழுத்தில் சுற்றும். நல்ல வெக்கையில், மின்விசிறி ஓடியும் உடம்பு வேர்க்கிற அறையில், தூங்கும் குழந்தைக்குக் குல்லா போட்டு வைப்பதும் தவறு. குழந்தை அதிகச் சூட்டைத் தாங்காது. பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் கழற்றிவிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ வேறு பிரசவ வார்டுக்கோ கொடுக்க நினைத்தால், எத்தனை, எந்த அளவு, எந்த நூல் ஏற்பார்கள் என்று அங்குள்ள நர்ஸம்மாவிடம் முதலில் கேட்டுவிட்டுப் போடுங்கள். கொதிநீரில் துவைக்க முடியாத நூலை வார்டில் வாங்காமல் போகலாம்.

துவைப்பது, வைப்பது, விற்பது

அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. சூடு பட்டால் மேடெல்லாம் படுத்துவிடும், திரும்ப எழும்பாது. எந்த நூலானாலும் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் உருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் பாய்மேல் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீளும். கம்பளிக் குல்லாவை நன்றாகக் காய்ந்த வேப்பிலையோடு துணிப்பையில் கட்டி வைத்தால் பூச்சி அண்டாது.

விற்பதாக இருந்தால் கடையில் தொங்கும் குல்லாவின் விலையைப் பார்த்து உங்கள் விலையை வைக்காதீர்கள். அவை இயந்திரத்தில் நிட்டிங் செய்தவை. தண்டைச் சுற்றி எடுக்கும் இந்தக் குரோஷா வேலை கையால்தான் ஆகிறது. பழகிய கைக்கே பெரியவர் குல்லா நாலைந்து மணி நேரம் பிடிக்கும். நூலின் விலையோடு அந்த மணி நேரத்துக்கு, தையல் வேலைக்குப் போனால் என்ன கூலி கிடைக்குமோ அதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பேரம் பேசுகிறவர் பேசட்டும்; விலையைக் குறைத்து விற்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கூலியும் சேர்ந்து இறங்கும்.

ஒவ்வொரு குல்லாவோடும் ஒரு சீட்டு கட்டிக் கொடுங்கள். நூல் எது, எத்தனை செ.மீ. தலைக்கு, எப்படித் துவைக்க வேண்டும், இவ்வளவு போதும். சீட்டிலேயே அதே நூலில் இரண்டு மீட்டரைச் சுற்றி வையுங்கள். பின்னாளில் எதிலாவது மாட்டி ஒரு கண்ணி அறுந்தால் வாங்கியவரே தைத்துக்கொள்ளலாம்.